மிதிவண்டியும் திக்விரதமும்



துறவறம் பூண்ட முனிவர்கள் ஊர்தி ஏறுவதில்லை. முன்னே நான்கு முழ நிலத்தைக் கூர்ந்து நோக்கி, சிற்றுயிரும் மிதிபடாவண்ணம் அடிபெயர்ப்பர். இதனை ஈர்யா சமிதி என்பர். இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. ஆயினும், பத்துத் திசைகளிலும் நாம் செல்லும் தொலைவுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் திக்விரதம் நமக்கும் உரியதே. எல்லை சுருங்கச் சுருங்க, நம்மால் விளையும் இம்சையும் சுருங்கும்.

நம் இளைஞருள் சிலர் தொன்மையான சமணக் குன்றுகளை மிதிவண்டியிற் சென்று காண விழைகின்றனர். "வேன் அமர்த்தினால் ஒரே நாளில் பத்துத் தலங்களைத் தரிசிக்கலாமே" எனப் பெற்றோர் தடுக்கின்றனர். பத்தையும் கண்டபின் நெஞ்சில் நிற்பது எது என்று எண்ணிப் பாருங்கள்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரரின் கல்வெட்டும் உண்டு. 57 நாளில் நிறைவுற்ற தவத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துத் திரும்புதல் தகுமா? தன் கால்வலியால் அக்குன்றை அடைந்தவன், உடல் வருத்தம் இன்னதென்று சிறிதேனும் உணர்ந்து அக்கல்லின்முன் நிற்பான். உடல்வலிமை எத்துணையோ அத்துணையே பயணம். திக்விரதத்திற்கு மிதிவண்டியே நல்லாசிரியன் ஆகிறது.

ஆனால், மிதிவண்டியில் ஏறிய மாத்திரத்தில் புண்ணியம் வந்துவிடாது. சக்கரமும் உயிரை நசுக்கும். ஆகவே, முனிவர்கள் ஓரிடத்தில் தங்கும் மழைக்காலத்து நான்கு மாதங்களில் இப்பயணத்தைத் தவிர்க்க. எறும்புச் சாரி குறுக்கிடும் மண்பாதையில் இறங்கி, வண்டியைத் தள்ளிச் செல்க. கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் நம் வழக்கம் தவறாதபடி, பொழுதோடு திரும்புக.

முடிவாக ஒன்று. ஆசாரியர்கள் துயின்ற கற்படுக்கைகளிலும் குகைச் சுவர்களிலும் பலர் தம் பெயரைக் கீறிச் செல்கின்றனர். "நான், எனது" என்பதை விட்டவர்களின் இடத்தில் தன் பெயரைப் பொறிப்பதைவிடப் பெரும் அறியாமை உண்டோ? நம் பிள்ளைகள் அங்குள்ள எழுத்தைப் படித்து வரட்டும். தம் எழுத்தை விட்டு வர வேண்டா.

பெற்றோரே, தடுக்காதீர், நெறி சொல்லி அனுப்புங்கள்.

அறம் வளர்க!