கறுப்பு ஆயில்

எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எண்ணெய்யோடுதான் வருவார்கள். குச்சனூர் சனீஸ்வரர் கோயில் தெரியும்தானே? சனிக்கிழமையானால் நல்லெண்ணெய் வாசமும் எள்ளு கருகும் வாசமும் சுரபி நதிக்கரை வரைக்கும் வரும். இரும்பு, எள்ளு, கறுப்பு, காக்கை எல்லாம் அவருடைய கணக்கு. சின்ன வயதில் அந்த விளக்குகளில் மிஞ்சுகிற எண்ணெய் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. முப்பது வயசுக்குமேல் அந்தக் கேள்வி வேறு ஒரு எண்ணெய்யால் என்னிடம் வந்து சேர்ந்தது. கார் இன்ஜின் ஆயில்.

2022இல் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. பக்கத்து டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டேன். மாலையில் கழுவித் துடைத்து, டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். பில்லில் ஆயில், ஆயில் ஃபில்டர், லேபர் என்று மூன்று வரி. நான் பார்க்கவே இல்லை, கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஏதோ சத்தம் என்று பானட்டைத் திறந்தபோது டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் கறுப்பாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆயில் கறுத்திருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இன்ஜினுக்குள் சேருகிற கரியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதற்கென்றே அதில் ரசாயனங்கள் சேர்த்திருப்பார்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டினாலே கறுத்துவிடும். ஆகவே நிறத்தை வைத்து யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. நான் கீழே குனிந்து ஃபில்டரைப் பார்த்தேன். முந்தின வருஷம் எங்கள் வயல் பாதையில் ஒட்டிய செம்மண் அதன்மேல் காய்ந்து அப்படியே இருந்தது. புது ஃபில்டரில் போன வருஷத்து மண் எப்படி வரும்?

எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. இன்ஜினியரிங் படித்தவன். வெப்ப இயக்கவியலில் பாஸானவன். சுழலும் இரும்புத் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம்தான் நிற்கிறது, அது இல்லாவிட்டால் இரும்பை இரும்பு தின்றுவிடும் என்று பரீட்சையில் படம் வரைந்து எழுதியவன். அந்தப் படலத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, டேஷ்போர்டு பளபளப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டு வந்திருக்கிறேன்.

இனி நானே மாற்றுகிறேன் என்று ஆபீஸ் நண்பனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "உன்னோட ஒரு மணி நேரச் சம்பளம் என்னடா? லேபர் சார்ஜ் என்ன? ரெண்டையும் கழிச்சுப் பாரு. வேற நல்ல ஒர்க்‌ஷாப்பா பாத்து விடு." அவன் சொன்னதில் தப்பில்லை. ஆதாம் ஸ்மித் 1776இல் குண்டூசித் தொழிற்சாலையை வைத்துச் சொன்னதும் அதுதான். தனியாளாகச் செய்தால் ஒருவர் ஒரு நாளில் இருபது ஊசிகூடச் செய்ய முடியாது. வேலையைப் பிரித்துக்கொண்ட பத்துப் பேர் சேர்ந்து நாற்பத்தெட்டாயிரம் ஊசி செய்கிறார்கள். என் அரிசியை நான் விளைவிப்பதில்லை, என் பல்லை நான் பிடுங்கிக்கொள்வதில்லை. ஆயிலுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

எதிர்ப்பக்கமும் ஆள் இருக்கிறார்கள். ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' நாவலில் ஒரு பட்டறை வரும். ரேடியோ அலற, ஜாலியாக வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் அவருடைய பைக்கைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டிக் கெடுத்துவிடுவார்கள். கடைசியில் பார்த்தால் இன்ஜினுக்குள் ஆயில் போகும் வழியில் ஒரு சின்ன பின் உடைந்திருக்கும், சில்லறைக் காசுப் பொருள். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. அந்த வண்டியைப் பற்றிய அக்கறைதான் இல்லை. நான் அந்தப் பக்கங்களைக் கல்லூரியில் படித்தபோது தலையாட்டியவன். இப்போது என்னிடமே காரணம் இருந்தது. சம்பளக் கணக்கை ஓரம் வைத்துவிட்டு யூடியூபைத் திறந்தேன்.

வேலை கஷ்டமே இல்லை. இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி நிறுத்த வேண்டும், ஆயில் இளகி வரும். அடியில் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி வடிக்க வேண்டும். ஃபில்டரைத் திருகி எடுத்து, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்க வேண்டும். போல்ட்டுக்குப் புது வாஷர். பிறகு மேலே ஊற்றி, அளவு பார்த்து, ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, திரும்ப அளவு பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது என்று எல்லா வீடியோவிலும் எச்சரித்தார்கள். நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். எங்கள் வயலுக்குப் போகும் வழியில் வாய்க்கால் கரை சரிவாக ஏறும். முன் சக்கரத்தைக் கரைமேல் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தினேன். அடியில் நுழைய நல்ல இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து ஒரு பழைய அலுமினியச் சட்டி.

போல்ட் கழன்றதும் கறுப்பாக, சூடாக, ஒரே தாரையாக அது இறங்கியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. பத்து வருஷமாகத் திரையில் எழுத்துகளை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தவன் கையில் முதல்முறையாக ஒரு பொருள் வேலைக்கு இணங்கியது. புது ஃபில்டரை மாட்டினேன், வாஷரைப் போட்டு போல்ட்டை இறுக்கினேன். எல்லாம் முடிந்து சட்டியை வெளியே இழுத்தேன். விளிம்பு வரைக்கும் இருந்தது. சரிவு. கை வழுக்கியது.

ஒரு லிட்டர் இருக்கும். கரையில் ஓடி, புல்லுக்குள் நுழைந்து, வாய்க்காலில் இறங்கியது. முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்திருந்த நேரம். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாற்றில் 1895இல் கட்டி முடித்த அணையிலிருந்து, மலையைக் குடைந்த வழியாக வருகிற தண்ணீர். எங்கள் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும் அதனால்தான் இருக்கிறது, பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீர்மேல் வானவில் மாதிரி நிறம் நிறமாக ஒரு படலம் விரிந்து, கீழ்ப்பக்கமாக நகர்ந்தது. நான் மண்ணை அள்ளிக் கரையில் போட்டேன். போனது போய்விட்டது. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் பெரியப்பா முறை ஆகிற ஒரு விவசாயி சொல்லிக்கொண்டிருந்தார்: "நாத்தங்கால் மடையில எண்ணெயா வந்து நிக்குது. எந்த லாரிக்காரன் வந்து கழுவிவிட்டுப் போனான்னு தெரியல. வைக்கோலப் போட்டு ஒத்தி ஒத்தி எடுத்தேன், மதியச் சோறுகூடத் திங்கல."

நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியா பெரியப்பா?" என்றேன்.

இந்தக் கட்டுரையே அந்த "அப்படியா"வுக்காகத்தான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஃபில்டரை மாற்றாமல் பில் போட்ட அந்த மெக்கானிக்கை ஒரு வாரமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் என்ன செய்தான்? நான் பார்க்காத இடத்தில், பார்க்கமாட்டேன் என்கிற தைரியத்தில், வேலையை விட்டுவிட்டான். நான் என்ன செய்தேன்? பெரியப்பா பார்க்காத இடத்தில், பார்க்கமாட்டார் என்கிற தைரியத்தில், அழுக்கை விட்டுவிட்டு வந்தேன். அவனுக்கு என் இன்ஜினின் இருட்டு. எனக்கு வாய்க்காலின் கீழ்ப்பக்கம். அவனாவது ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடித்தாக வேண்டும் என்று முதலாளி நெருக்க வேலை செய்பவன். என்னை யார் நெருக்கினார்கள்?

நானே செய்தால் நேர்மையாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். என் கையால் செய்தபோது என் காருக்குத்தான் நேர்மை கிடைத்தது.

காந்தி தன் சுயசரிதையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கோரமாகி, கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். சுயசார்புக்கு உதாரணமாக இதைச் சொல்வோம். எனக்கு முக்கியமாகப்படுவது அதற்கு அடுத்து அவர் எழுதுவது. அந்த முடிதிருத்துபவரை அவர் குற்றம் சொல்லவில்லை. நம் ஊரில் தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு முடிவெட்ட நாம் விடுகிறோமா என்று கேள்வியை நம் பக்கமே திருப்பிவிடுகிறார். தானே செய்துகொண்ட வேலை அவரை அடுத்தவர் இருக்கும் இடம் வரைக்கும் யோசிக்க வைத்தது. என்னுடையது என் பானட்டோடு நின்றுவிட்டது.

எங்கள் சித்தப்பா ஒருவர் ஜீப் ஓட்டுகிறார். கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்னால் எழுந்தவர்களுக்குத் தெரியும், வரிசையாக ஜீப்புகள் மேடு ஏறும். தூக்குவாளியோடு பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். அவர் ஆயிலை யாரிடமும் கொடுத்து மாற்றுவதில்லை. புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றிவிடுவார். சின்ன கியரிலேயே மலை ஏறுகிற வண்டியில் ஆயில் சீக்கிரம் களைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். காசு மிச்சம் பண்ணத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் போய்க் கேட்டேன்.

"பின்னால உக்காந்திருக்குற புள்ளைக யாராச்சும் பானட்டத் தொறந்து பாக்கப் போகுதுகளா? அதுக நம்பித்தானடா ஏறுதுக."

"அப்ப பிரேக்கும் நீங்களேதான் பாப்பீங்களா சித்தப்பா?"

"எனக்குப் பிரேக்கு வராது. கம்பத்துல ஒரு ஆளு இருக்காப்ல, அவருட்டதான் விடுவேன். முடியிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். கேட்ட காச கொடுத்துருவேன்."

நானும் என் நண்பனும் வாரக்கணக்கில் சண்டை போட்ட விஷயம் அவருக்கு ஒரு கேள்வியாகவே தெரியவில்லை. சிலதைத் தானே செய்கிறார், சிலதைக் காசு கொடுத்துச் செய்கிறார். இரண்டிலும் பின்சீட்டில் இருப்பவர்கள் ஞாபகத்தில் இருக்கிறார்கள். நண்பனின் கணக்கில் என் நேரமும் என் காசும் இருந்தன, என் கணக்கில் என் பெருமை இருந்தது. வேறு யாருமே இல்லை.

பழைய ஆயிலை என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். ஜீப்புக்குப் பின்னால் ஒரு கேனைக் காட்டினார். கரையான் அரிக்காமல் வேலிக் கட்டைக்குக் கொஞ்சம் பூசுவாராம், மிச்சம் பட்டறை பேரலுக்குப் போகுமாம். வேலிக்குப் பூசுவதும் கடைசியில் மண்ணுக்குத்தான் போகும் என்று நான் சொன்னேன். "அப்ப அதையும் நிப்பாட்டிருவோம்" என்றார், சாதாரணமாக.

ஓடி முடித்த ஆயிலில் தேய்ந்த இரும்பின் துகள், துத்தநாகம், புற்றுநோய் உண்டாக்கும் எரிகரிச் சேர்மங்கள் எல்லாம் இருக்கும். 2016ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அது வருகிறது. 2023இல் வந்த திருத்தப்படி, 2024 ஏப்ரலிலிருந்து ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களே பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். இதில் நல்ல செய்தியும் உண்டு. ஆயில் அழுக்காகிறதே தவிர, அடிப்படை எண்ணெய் அழிந்துவிடுவதில்லை. சுத்திகரித்தால் திரும்ப இன்ஜின் ஆயிலே ஆகலாம். ஆனால் அதற்கு முதலில் அது ஒரு பேரலுக்குப் போய்ச் சேர வேண்டும். சட்டியிலிருந்து பேரல் வரைக்குமான தூரத்தில் சட்டம் இல்லை, நாம்தான் இருக்கிறோம்.

எல்லாரும் சொந்தமாக ஆயில் மாற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெங்களூரில் என் அப்பார்ட்மெண்டில் அது நடக்காது. அங்கே காசு கொடுத்துத்தான் மாற்றுகிறேன். ஆனால் ஒரு தடவை கையால் செய்ததில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நிற்கிறேன், பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்கிறேன், பழைய ஆயில் எங்கே போகும் என்று கேட்கிறேன். மெக்கானிக் ஒரு மாதிரி பார்ப்பார், பிறகு பேரலைக் காட்டுவார். லேபர் சார்ஜில் பேரம் பேசுவதில்லை. வேலையை வேறொருவரிடம் விடலாம். அது யார் வயலில் போய் நிற்கும் என்கிற கவலையை அவரிடம் விட்டுவிட்டு வர முடியாது.

ஊருக்கு வந்தால் நானேதான் மாற்றுகிறேன். சமமான தரையில், பெரிய தொட்டியில். பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, சின்னமனூரில் பேரல் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

பெரியப்பாவிடம் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. சனி மெதுவாக நடக்கிற கிரகம், ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருஷம் எடுக்கும். கணக்கு தாமதமாகத்தான் வரும் என்று கோயில் வாசலில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை விளக்குப் போட வந்த அம்மாவை இறக்கிவிட்டு, நேராக அவர் வயலுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் மண்வெட்டியை நகர்த்தி எனக்கு உட்கார இடம் கொடுத்தார்.

"தெரியும்ப்பா. கரையில டயர் தடம் கெடந்துச்சு. அந்தக் கரையில கார ஏத்துறவன் நம்ம ஊருல வேற எவன் இருக்கான்?"

"அப்புறம் ஏன் பெரியப்பா லாரிக்காரன்னு சொன்னீங்க?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மடையில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கேட்டார், "எங்க டிராக்டருக்கும் ஆயில் மாத்தணும். ஒனக்கு வருமா?"

"கத்துக்கிட்டு வர்றேன்" என்றேன். "கேன் ஒண்ணு பெருசா எடுத்து வையுங்க."