பக்கத்து வீட்டு வாடகை யாருக்குத் தெரியலாம்?

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு லைன் வீடு காலியானால், வாடகை எவ்வளவு போகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் உரிமையாளர் தொகை சொல்வார். குடிவர நினைப்பவரும் அதே தெருவில் விசாரிப்பார். இதில் யாரும் குற்றம் காண்பதில்லை. அதே விசாரிப்பை ஒரு மென்பொருள் செய்து கொடுத்தால் மட்டும் அது தவறாகிவிடுமா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. ரியல்பேஜ் என்ற நிறுவனம் அடுக்குமாடி உரிமையாளர்களுக்கு மென்பொருள் வழியே வாடகையைப் பரிந்துரைத்துவந்தது. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான உரிமையாளர்களின் வெளியே தெரியாத ஒப்பந்த விவரங்களைத் திரட்டியே அந்தப் பரிந்துரை உருவாகிறது என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு நீதித்துறை வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட சமரசத்தில், வெளியிடப்படாத விவரங்களில் 12 மாதமாவது பழையவற்றைக் கொண்டே மென்பொருளைப் பயிற்றுவிக்கலாம் என்பது ஒரு நிபந்தனை.

வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. தெருவில் கேட்டறிவது இரு தரப்புக்கும் திறந்த செய்தி. மென்பொருள் திரட்டுவதோ ஒரு தரப்புக்கு மட்டும் கிடைக்கும் ரகசியம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக்கியதுபோல ஏற்றுமதி ஆர்டர் குறையும் காலத்தில், திருப்பூர்ப் பின்னலாடை ஆலையின் பீஸ்ரேட் தொழிலாளியிடம் பேரம் பேச இருக்கும் ஒரே பலம், பக்கத்துக் காம்பவுண்டில் காலியாகக் கிடக்கும் வீடு. எல்லா உரிமையாளர்களும் ஒரே கணக்கின் சொல்லைக் கேட்டால், வீடு காலியாக இருந்தும் அந்தப் பலம் போய்விடும். தொகையை முடிவுசெய்தவர் யார் என்று கேட்டால், கம்ப்யூட்டரைக் கைகாட்டிவிடவும் முடியும்.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரக் கவலை அல்ல. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியாய வாடகை நிர்ணயிக்கக் கோர முடிந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இருவரின் ஒப்பந்தத்துக்கே விட்டது. பேரத்தை நம்பி விலையை விட்டுவிட்ட அரசுக்கு, அந்தப் பேரம் மெய்யானதாக இருக்கிறதா என்று பார்க்கும் கடமை கூடுகிறது.

வாடகைக் கார்களின் கட்டணத்தை ஓலா, ஊபர் செயலிகள் நிர்ணயிப்பது கூட்டுச்சதி என்ற புகாரை இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் தள்ளுபடி செய்தது. ஓட்டுநர்களிடையே உடன்பாடு இருந்ததாகக் காட்டப்படவில்லை என்பது அதன் வாதங்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றமும் 2020இல் அந்த முடிவை ஏற்றது. ஆனால் 2023இல் போட்டிச் சட்டம் திருத்தப்பட்டு, அதே தொழிலில் இல்லாமலே விலைக் கூட்டுக்குத் துணைபோகும் இடைத்தரகரும் பொறுப்பாளியாகலாம் என்றாகியது. வாடகை மென்பொருளை அளக்க அந்தக் கோல் போதும்.

இரண்டு போர்ஷன் வாடகையில் முதுமையைக் கழிப்பவரைக் கட்டுப்பாடு நெருக்கிவிடக் கூடாது என்பதும் நியாயமே. வாடகையை உயர்த்தும் உரிமையோ, கணக்குப் போடும் கருவியோ அவருக்கு மறுக்கப்பட வேண்டியதில்லை. போட்டியாளரின் மறைவான விவரம் அந்தக் கருவிக்குள் போகக் கூடாது, அவ்வளவே. கூடவே, வாடகை அதிகார அமைப்பில் பதிவாகும் ஒப்பந்தங்களிலிருந்து பெயர்களை நீக்கி, பகுதிவாரியான சராசரி வாடகையை அரசே வெளியிடலாம். உரிமையாளர் பார்க்கும் எண்ணைக் குடியிருப்பவரும் பார்க்க முடிந்தால், மென்பொருள் யார் கையில் இருந்தாலும் அஞ்ச வேண்டியது குறையும்.