அபயம் அளிப்பது எங்ஙனம்?

கார்த்திகை மாதத்து ஞாயிறொன்றில் நம் சங்கத்தார் சிலர் தில்லியினின்று புறப்பட்டு, பரத்பூரை அடுத்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவைக் கண்டு வந்தோம். பறவைகளைக் காண்பதே நோக்கம். ஆயினும் திரும்பி வருங்கால் நம்மிடையே நிகழ்ந்த பேச்செல்லாம் ஒரு கல்லைப் பற்றியதாகவே இருந்தது.

சற்றேறக்குறைய 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்விடத்தில் நீரும் புல்லும் கருவேல மரங்களும் மாறி மாறிக் கிடக்கின்றன. மரத்துக்கு மரம் சங்குவளை நாரைகள் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரையூட்டுகின்றன. இமயத்தைக் கடந்து வந்த வரித்தலை வாத்துகள் கரையோரம் மேய்கின்றன. புள்ளிமான்கள் முழங்கால் நீரில் நின்று நம்மை நோக்குகின்றன. சைபீரியக் கொக்கு மட்டும் இல்லை. 2002-க்குப் பின் அது அங்கு வரவில்லை. இயற்கையின் எழில் என்று வியந்து நிற்கையில், சைக்கிள் ரிக்ஷா ஓட்டி வந்தவர் சிரித்துக்கொண்டே, இவை மனிதர் அமைத்த ஏரிகள் என்றார். உண்மைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் எழுப்பிய அஜான் அணையின் நீரை, பின்வந்த அரசர்கள் மதகும் வாய்க்காலும் அமைத்துப் பள்ளங்களில் தேக்கினர். எதன்பொருட்டு? வாத்து வேட்டையின்பொருட்டு.

கேவலாதேவ் கோயிலருகே அவ்வேட்டைகளின் கணக்குப் பொறித்த கல் நிற்கிறது. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். நாம் வாழும் தில்லியிலேயே, பிரோஸ் ஷா கோட்டையில், அசோக மாமன்னரின் தூண் நிற்கிறது. கொல்லலாகாது என்று அதில் எழுதப்பட்ட உயிர்களுள் அன்னமும் சக்கரவாகமும் உண்டு. ஒரு கல் காக்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறது. மற்றொரு கல் கொன்றவற்றைத் தொகை போட்டு வைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 2,200 ஆண்டுகள்!

நம்முள் ஓர் அன்பர் வினவினார்: “வேட்டைக்காரர் இல்லையேல் இவ்வேரியும் இல்லை. ஏரி இல்லையேல் இப்பறவைகளும் இல்லை. ஆகவே அவர்களுக்கும் இப்புண்ணியத்தில் பங்குண்டு அல்லவா?” விடை எளிது என்றே முதலில் எண்ணினோம். சேதனையே வினை என்பது ததாகதர் காட்டிய நெறி. கொல்லும் எண்ணத்தோடு தேக்கிய நீர் பிற்காலத்தில் உயிர்களைக் காத்தது என்பதற்காக, அவ்வெண்ணம் கருணையாகிவிடாது. இவ்வளவில் அன்பரும் ஒப்பினார்.

ஆனால் அதே அளவுகோலை அடுத்த நிகழ்ச்சியின்மேல் வைத்தபோது நம் நா தயங்கியது. 1956-இல் சரணாலயமான பின்னும் மன்னர்க்கு இருந்த வேட்டையுரிமை 1972-இல் ஒழிந்தது. 1982-இல், பறவைகளின் நலம் கருதி, சுற்றுக் கிராமத்து எருமைகள் உள்ளே மேய்வது தடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்த மக்கள் எதிர்த்தனர். போலீசார் சுட்டனர், கிராமத்தார் பலர் மாண்டனர். பறவைக்கு அபயம் அளிக்கப் புகுந்த இடத்தில் மனிதன் மீது துப்பாக்கி திரும்பிற்று.

அதன் பின் நிகழ்ந்தது இன்னும் நினைக்கத்தக்கது. எருமைகள் தின்று குறைத்து வந்த நீர்ப்புல் அடர்ந்து வளர்ந்து நீர்ப்பரப்பை அடைத்தது. நீர்ப்பறவைகள் மிதக்கவும் மூழ்கி இரைதேடவும் இடமின்றிப் போயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுநாள் ஆராய்ந்து, எருமையும் அவ்வேரியின் வாழ்வில் ஓர் அங்கம் என்று கண்டனர். எண்ணம் நல்லதே. எண்ணம் நல்லதாயின் வினையும் நல்லதென்று சொல்லி, இறந்தோர் முன் நாம் நிற்க முடியுமா? எட்டு மார்க்கங்களுள் நற்காட்சி முதலில் வைக்கப்பட்டிருப்பதை நாம் ஓதுகிறோமேயன்றி எண்ணிப் பார்ப்பது குறைவு. கண்டறியாமல் கொள்ளும் கருணை, கருணைதானா என்றும் ஐயுற வேண்டியிருக்கிறது.

நிக்ரோத மிக ஜாதகத்தை நாம் குழந்தைகளுக்குச் சொல்லுகையில், சினை மானுக்காக மான் அரசன் தன் தலையைக் கொடுத்ததோடு நிறுத்திவிடுகிறோம். கதை அங்கு முடியவில்லை. காசி மன்னன் எல்லா உயிர்க்கும் அபயம் அளித்த பின், அச்சம் நீங்கிய மான்கள் உழவர் பயிரை மேய்ந்தன. உழவர் முறையிட்டனர். மன்னன் கொடுத்த வாக்கை மாற்ற மறுத்தான். உழவரோ மான்களை விரட்டவும் இயலாதவராயினர். இதனைக் கேட்ட மான் அரசனாகிய போதிசத்துவர் தம் இனத்தை அழைத்து, பிறர் பயிரைத் தின்னாதீர் எனக் கட்டளையிட்டார். வேலி வேண்டா, வயலைச் சுற்றி இலைகளைக் கட்டி அடையாளமிட்டால் போதும் என்று உழவர்க்கும் சொல்லியனுப்பினார். அபயம் பெற்றவனே, தன் அபயத்தால் பிறர்க்கு நேரும் இழப்பை முதலில் கண்டான். பரத்பூரிலோ வாத்துகள் பேச மாட்டா. அவற்றின் சார்பில் பேச முன்வந்தோர் உழவன் வீட்டு எருமையின் பசியைக் கேட்டிருக்க வேண்டும்.

பிற்காலத்தில் கிராமத்தார் உள்ளே சென்று புல் அறுத்துக்கொள்ள இசைவு தரப்பட்டது. அதனை முதலிலேயே தந்திருக்கலாகாதா என்று ஓர் அம்மையார் கேட்டார். எவரும் விடை கூறவில்லை.

மாலையில் வாயிலை நோக்கித் திரும்புகையில், மாண்ட கிராமத்தாரின் பெயர் பொறித்த கல் ஏதேனும் உள்ளதா என்று இரு மருங்கும் பார்த்துக்கொண்டே வந்தோம். நம் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை. ரிக்ஷாக்காரரிடம் கேட்டோம். அவர் தாம் சிறுவனாய் இருந்தபோது நடந்தது என்று மட்டும் கூறி, மிதிப்பதை நிறுத்தாமல் மேலே சென்றார்.