நூறாண்டு வெள்ளமும் வந்தியின் பங்கும்

2006 டிசம்பரில் மலேசியத் தீபகற்பத்தின் தென்பகுதியில் மழை கொட்டித் தீர்த்தது. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங் மாநிலங்களில் ஆறுகள் கரை மீறின. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி முடித்து மூச்சு விடுவதற்குள், 2007 ஜனவரியில் அடுத்த வெள்ளம். ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் என்று சொல்லப்பட்ட மழை ஒரே பருவத்தில் இருமுறை பெய்தது எப்படி?

கணக்கு பொய்யா, விதியா, சாமி குற்றமா? மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டிய மலாக்காவில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. மழை தருபவள் அம்மன் என்றால், மிஞ்சிய மழைக்கும் அவள்தானே பொறுப்பு?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆற்றில் ஒவ்வோர் ஆண்டும் ஓடிய உச்ச நீரளவைக் குறித்து, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசைப்படுத்துவார்கள். பதிவான ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுத்தால் வெள்ளம் திரும்பும் காலம் கிடைக்கும். 40 ஆண்டுப் பதிவில் முதலிடம் பிடித்த வெள்ளத்துக்கு 41 ஆண்டு. இரண்டாவதற்கு இருபதரை ஆண்டு. இது சராசரிதான், தவணை அல்ல. நூறாண்டு வெள்ளம் எந்த ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு. 70 வயது வாழ்பவர் அதைக் காண ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. போன முறை என்ன விழுந்தது என்று தாயக்கட்டைக்கு நினைவிருப்பதில்லை. ஆனால் மண்ணுக்கு உண்டு: டிசம்பர் மழையில் ஊறிய நிலம் ஜனவரி மழையை உறிஞ்சாது.

இந்தக் கணக்குக்குக் கோட்பாடு வகுத்தவர்களில் முக்கியமானவர் எமில் கும்பல். ஜெர்மனியின் அரசியல் கொலைகளை எண்ணி, வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22 என்று 1922இல் நூலாக வெளியிட்டவர். பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய அவர், வெள்ளம் திரும்பும் காலம் பற்றிய கட்டுரையை 1941இல் அமெரிக்காவில் வெளியிட்டார். கொலைகளின் எண்ணிக்கை குற்றவாளிகளை நோக்கிக் கைகாட்டியது. வெள்ளத்தின் எண்ணிக்கை யார்மீதும் பழி சுமத்துவதில்லை. யார் பாவம் செய்தார் என்று ஆற்றின் அளவுகோலுக்குத் தெரியாது.

அப்படியானால் பக்திக்கு இங்கே என்ன வேலை? பிட்டுக்கு மண் சுமந்த கதையை நினைத்துப் பாருங்கள். வைகையில் வெள்ளம் வந்தது மாணிக்கவாசகருக்காகச் சிவன் நிகழ்த்திய திருவிளையாடல். காரணம் தெய்வமே. ஆனாலும் பாண்டியன் கைகட்டி நிற்கவில்லை. வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுத்தான். ஆளற்ற கிழவி வந்திக்கும் பங்கு உண்டு. அவளுக்குக் கூலியாளாக வந்து மண் சுமந்தவன், வெள்ளத்தை அனுப்பிய அதே சிவன். வேலையில் அசட்டையாக இருந்தபோது பிரம்படியும் பட்டான். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. ஏன் வந்தது என்ற கேள்விக்குத் தெய்வத்தைக் காட்டிய கதை, கரை யார் பொறுப்பு என்ற கேள்வியை மனிதரிடமே விட்டுவிட்டது.

கணக்கையும் வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. நேற்றைய ஆறே நாளையும் ஓடும் என்று அது நம்புகிறது. ஆனால் ஆற்றைச் சுற்றிய நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. மலாக்காவின் புக்கிட் அசகானில் டான் சாய் யான் என்பவர் 1898இல் பெருந்தோட்டமாக ரப்பர் நட்டார். ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் பின்னர் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் மழை மண்ணில் இறங்காமல் ஆற்றுக்கு விரைகிறது. பழைய பதிவில் நூறாண்டு வெள்ளமாக இருந்தது இன்று அடிக்கடி வரலாம்.

தாழ்நிலத்தில் வீடு வாங்குபவர் நாள் பார்ப்பதில் தவறில்லை. அத்தோடு, அந்த இடத்தின் வெள்ளப் பதிவையும் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். கோயில் நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் அதையே கேட்க வேண்டும். கேட்டால் தெரியக்கூடியதைக் கேட்காமல் இருந்துவிட்டு, வெள்ளம் வந்தபின் விதி என்பது பக்தி அல்ல.