விண்ணப்பமும் ஒரு சாட்சியமே

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஒரு கல்லூரியை நிர்வகிப்பதற்கும், அங்கே கற்பிப்பதற்கும்கூடத் தனியாக ஒரு படிப்பு உண்டு என்று சொன்னால் நம் வீடுகளில் பலர் வியப்படைகிறார்கள். இது புதிய விஷயம் அன்று. 1893-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஹால் என்பவர் உயர்கல்வியையே ஒரு பாடமாக வைத்து நடத்தினார். இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உயர்கல்வி நிர்வாகம் முதுகலைப் பட்டத்திற்கும் டாக்டர் பட்டத்திற்கும் உரிய துறையாக இருக்கிறது. கல்லூரியின் வரவு செலவு, கல்விச் சட்டம், மாணவர் நலன், வளர்ந்த மாணவன் எவ்வாறு கற்கிறான் என்ற ஆராய்ச்சி ஆகியவையெல்லாம் அதில் அடக்கம். நம் நாட்டிலும் டில்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் 2006-ஆம் ஆண்டு முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்து இத்துறையில் ஆய்வுப் பட்டங்களை வழங்கி வருகிறது.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லும், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951-லும் தோன்றின. நம் முன்னோர் பொருளையும் உழைப்பையும் தந்து எழுப்பிய இத்தகைய நிலையங்களை நல்ல முறையில் நடத்த வல்லவர்கள் நமக்குத் தேவை. ஆகவே நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்றால் நாம் மகிழ வேண்டியதுதான். ஆனால் விண்ணப்பத்தை எழுத உட்காரும்போதே அவருக்கு முன்னால் ஒரு மஸ்அலா வந்து நிற்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் பட்டியலை மட்டும் கேட்பதில்லை. 'இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்? முடித்த பின் என்ன செய்வீர்?' என்பதற்கு விண்ணப்பதாரர் தம் கையாலேயே ஒரு நோக்க அறிக்கை எழுதித் தரவேண்டும். அவரை நன்கு அறிந்த இரண்டு மூன்று பேர் சிபாரிசுக் கடிதம் அனுப்ப வேண்டும். கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள். முதலாவது, நிய்யத்தைத் தாளில் எழுதித் தருவது. இரண்டாவது, ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்லும் ஷஹாதத். இரண்டுமே ஷரீஅத்து மிகக் கவனமாகப் பேசியிருக்கும் விஷயங்கள் அல்லவா?

பதவியை நாமே தேடிப் போவது கூடுமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களிடம், தலைமைப் பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டாம் என்றும், கேட்டுப் பெற்றால் அதனிடமே விடப்படுவீர் என்றும், கேளாமல் வந்தால் உதவி செய்யப்படுவீர் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூதர் (ரலி) அவர்கள் தமக்கொரு பொறுப்புத் தரும்படி கேட்டபோது, அவர் அதற்கு வலுவில்லாதவர் என்பதையும், பொறுப்பு என்பது ஓர் அமானிதம் என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அபூதர் (ரலி) அவர்களின் தக்வாவில் யாருக்குச் சந்தேகம்? ஆயினும் தக்வா வேறு, நிர்வாகத் திறன் வேறு. நல்ல உஸ்தாதாக விளங்குபவர் நல்ல நிர்வாகியாக இருப்பார் என்பது நிச்சயமில்லை. கற்பித்தலுக்கு விண்ணப்பிப்பதா, நிர்வாகத்திற்கு விண்ணப்பிப்பதா என்று முடிவு செய்யும் பிள்ளை முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

'நாங்கள் படிப்பைத்தானே கேட்கிறோம், பதவியையா கேட்கிறோம்?' என்று இளைஞர்கள் சொல்லலாம். அது பாதி பதில்தான். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காருவதற்காகத்தானே இன்றைக்கு இந்தப் படிப்பு? முழுப் பதிலை யூஸுஃப் (அலை) அவர்களின் சரித்திரத்தில் காண்கிறோம். மிஸ்ரு நாட்டு அரசனிடம் களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி அவர்களே கேட்டார்கள். அங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பஞ்சம் வரப்போகிறது. அதைச் சமாளிக்கும் வழி அவர்களுக்குத் தெரியும். மக்களின் தேவை அவர்களைக் கேட்க வைத்தது. இரண்டு, தம்மைப் பற்றி அவர்கள் சொன்னவை இரண்டே தகுதிகள். பாதுகாப்பவர், அறிந்தவர். களஞ்சியப் பொறுப்புக்கு வேண்டியவை அவ்விரண்டும்தாம். தந்தையும் பாட்டனாரும் முப்பாட்டனாரும் நபிமார்களாக இருந்தும் அந்தப் பெருமையை அந்த வேண்டுகோளில் அவர்கள் சேர்க்கவில்லை. மூன்று, அவர்கள் தம்மைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மற்றவர்களின் சாட்சியம் வந்துவிட்டது. சிறையிலிருந்து விடுதலை என்று தூதர் வந்தபோதும் அவர்கள் உடனே வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட வேண்டும் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். உண்மை வெளிப்பட்ட பிறகுதான் அரசனுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

தன்னைத்தானே பரிசுத்தமானவன் என்று சொல்லிக் கொள்வதைக் குர்ஆன் தடுக்கிறது. அப்படியிருக்க நோக்க அறிக்கையில் தன்னைப் பற்றி எப்படி எழுதுவது? செய்ததைச் சொல்வது வேறு, தன்னைச் சிறப்பித்துக் கொள்வது வேறு. 'கல்விக்காகவே என் உயிர் துடிக்கிறது, சமுதாயத்திற்கு என்னை அர்ப்பணித்து விட்டேன்' என்று எழுதுவது எளிது. அதை யார் அளந்து பார்க்க முடியும்? 'மாலை வகுப்பில் இரண்டாண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். சேர்ந்தவர்களில் பாதிப்பேர் இடையில் நின்றுவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதைக் கற்க வருகிறேன்' என்று ஒருவர் எழுதினால், அது அவர் வாழ்க்கையில் நடந்ததாகவும் இருந்தால், அதில் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை. நல்ல சம்பளம் வேண்டும் என்ற ஆசையும் மனத்தில் இருக்கலாம். ஹலாலான சம்பாத்தியம் வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. அதைச் சேவை என்ற போர்வையால் மூடுவதில்தான் ரியா நுழைகிறது.

அந்த அறிக்கையைக் காசு கொடுத்து மற்றவரிடம் எழுதி வாங்குவதும், இப்போது கணினியிடம் சொல்லி எழுத வைத்துத் தன் பெயரைப் போட்டுக் கொள்வதும் பரவலாகி வருகின்றன. எழுத்துப் பிழையைத் திருத்திக் கொள்ளலாம், பெரியவர்களிடம் காட்டி யோசனை கேட்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் நம் நிய்யத்தை நமக்காக இன்னொருவர் வைக்க முடியுமா? தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைவு காட்டுகிறவர் பொய்யான இரண்டு ஆடைகளை உடுத்தியவர் போன்றவர் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது.

சிபாரிசுக் கடிதத்தின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. நம் நாட்டில் பல இடங்களில் நடப்பது என்ன? 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்கிறார் பேராசிரியர். மாணவர் தம்மைத் தாமே வானளாவப் புகழ்ந்து எழுதிக்கொண்டு போகிறார். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாணவர்கள் தங்கள் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தந்தது. சிபாரிசுக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீரா என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். கடிதம் எழுதுபவர் தயக்கமின்றி உண்மையைச் சொல்லட்டும் என்பதற்காகத்தான். 'ஆம், விட்டுக்கொடுக்கிறேன்' என்று உறுதி தந்த அதே கை கடிதத்தையும் எழுதியிருந்தால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவரைத் தமக்குத் தெரியும் என்று கூறினாராம். அவர் உமக்கு அண்டை வீட்டாரா, அவருடன் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா, பயணம் போனதுண்டா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வரவே, அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று கிதாபுகளில் வருகிறது. ஒருவர் முன்னிலையில் மற்றவரை அளவு கடந்து புகழ்வதை நபி (ஸல்) அவர்கள் கழுத்தை வெட்டுவதற்கு ஒப்பிட்டார்கள். புகழத்தான் வேண்டுமென்றால், நான் இவரை இப்படி எண்ணுகிறேன், உண்மையை அல்லாஹ்வே அறிவான் என்ற அளவோடு நிறுத்தும்படி வழிகாட்டினார்கள். சிபாரிசுக் கடிதத்திற்கு இதைவிடச் சிறந்த மாதிரி ஏது? நல்ல சிபாரிசு செய்தவருக்கு அதன் நன்மையில் பங்குண்டு, தீய சிபாரிசு செய்தவருக்கு அதன் சுமையில் பங்குண்டு என்பது குர்ஆனின் தீர்ப்பு. கையெழுத்துப் போடும் பேராசிரியரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். என் பிள்ளை மட்டும் உண்மையை எழுதினால் இடம் கிடைக்காதே' என்று தாய் தந்தையர் கலங்குவது நமக்குப் புரிகிறது. கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் வீடுகள் எத்தனையோ! உண்மை எழுதினால் கண்டிப்பாக இடம் கிடைக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. கிடைக்காமலும் போகலாம். ஆனால் பொய்யால் கிடைக்கும் இடம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். இருப்பவை சில இடங்கள். அவற்றில் ஒன்று உரியவரிடமிருந்து பறிக்கப்பட்டு நமக்கு வருகிறது. இது அடியார்களின் ஹக்கு. தவ்பா செய்வதானால் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும். அவர் யார், எந்த நாட்டவர் என்பதே தெரியாதபோது யாரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது?

1067-ஆம் ஆண்டு பக்தாதில் நிஜாமிய்யா மதறஸா திறக்கப்பட்டபோது, அதன் முதல் ஆசிரியராக நியமிக்கப்பட்ட அபூ இஸ்ஹாக் ஷீராஸி (ரஹ்) அவர்கள் அன்று வரவில்லை. அந்த இடம் முறையாகப் பெறப்பட்டதுதானா என்ற ஐயமே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பல நாட்கள் சென்ற பிறகே அவர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். மண்ணில் இருந்த ஐயத்திற்கே அவ்வளவு பேணுதல்! பொய்ச் சாட்சியத்தால் பெற்ற இருக்கையைப் பற்றி நாம் எவ்வளவு அஞ்ச வேண்டும்?

அதே மதறஸாவுக்கு 1091-ல் இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்கள் ஆசிரியராக வந்தார்கள். அந்நாளில் அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. தாம் எதற்காகக் கற்பிக்கிறோம் என்று தம் உள்ளத்தையே கேட்டார்கள். புகழாசை தூண்டுவதைக் கண்டு 1095-ல் அதை விட்டு வெளியேறினார்கள். 1106-ல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தியபோது, முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் குறிப்பிட்டார்கள். நோக்க அறிக்கையை விண்ணப்பத்தோடு ஒருமுறை எழுதி அனுப்பினால் போதாது என்பதை இதிலிருந்து அறிகிறோம். இடம் கிடைத்த பின்னும், பதவியில் அமர்ந்த பின்னும் அதை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

மற்றப் படிப்புகளுக்கு இல்லாத ஒரு பொறுப்பு இந்தப் படிப்புக்கு உண்டு. கல்லூரி நிர்வாகம் கற்பவர் நாளை மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திறந்து படிக்கப் போகிறவர். எந்த ஏழைப் பிள்ளைக்கு இடம் தருவது, எந்த ஆசிரியரை நியமிப்பது, யாருடைய சிபாரிசை நம்புவது என்று அவர்தான் தீர்மானிப்பார். பொய் எழுதி உள்ளே நுழைந்தவர் அன்றைக்கு மற்றவரின் பொய்யை எந்த முகத்தோடு நிராகரிப்பார்? உண்மை எழுதிய ஒரு பிள்ளையை எந்தக் கண்ணால் அடையாளம் காண்பார்?

ஆகவே விண்ணப்பம் போட இருக்கும் பிள்ளைகளே! தாராளமாகப் போடுங்கள். ஒளுச் செய்து இரண்டு ரக்அத் இஸ்திகாராத் தொழுதுவிட்டு எழுத உட்காருங்கள். செய்ததை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதத் தயங்காதீர்கள். உங்களை உண்மையாகவே அறிந்த உஸ்தாதுகளிடம் கடிதம் கேளுங்கள். அவர்களே எழுதுவதற்கு அவகாசம் கொடுங்கள். பெற்றோர்களே! இடம் கிடைக்காத பிள்ளையைக் கடிந்து பேசாதீர்கள். உண்மை எழுதியதற்காக அவனைப் பாராட்டுங்கள். நம் கல்வி நிலையங்களை அமானிதமாகக் கருதிப் பேணக்கூடிய நல்லவர்களை அல்லாஹ் நம் சந்ததிகளிலிருந்து உருவாக்குவானாக! ஆமீன்.