கல்லான இதயம்



1902 மே 8, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை அன்று காலை எட்டு மணியளவில் வெடித்தது. நெருப்பாய்க் கொதித்த சாம்பலும் வாயுவும் சரிவில் பாய்ந்து, ஓரிரு நிமிடங்களில் சேன் பியேர் நகரை மூடின. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள்.

அவர்கள் நம்மைவிடப் பாவிகளா? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அப்படி இல்லவே இல்லை என்றார் இயேசு (லூக்கா 13:4-5). கேட்டவர்களிடம் அவர் எதிர்பார்த்தது மனமாற்றத்தை. நாமும் மாண்டோரைத் தீர்ப்பிடாமல் நம்மையே பார்ப்போம்.

பெலே ஏன் அப்படி வெடித்தது? ஹவாயின் கிலாவேயா எரிமலைக் குழம்பு பெலேயின் குழம்பைவிடச் சூடானது. 1,100 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆனாலும் பெரும்பாலும் ஆறாக வழிந்தோடும். 2018-இல் அது ஏறக்குறைய 700 வீடுகளை அழித்தது. மக்களுக்கோ விலகிப்போக நேரம் கிடைத்தது. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் சிலிகா என்ற கனிமப்பொருள். கிலாவேயா குழம்பில் அது பாதியளவு. பெலேயில் 60 விழுக்காட்டை ஒட்டி. சிலிகா கூடக்கூடக் குழம்பு இறுகும். நீராவியும் மற்ற வாயுக்களும் வெளியேற முடியாமல் உள்ளே அடைபடும். கொதிக்கும் தண்ணீரில் குமிழி சும்மா உடைந்துபோகும். கேழ்வரகுக் களியிலோ வெடித்துக் கையில் தெறிக்கும். பெலேயின் குழம்பு எவ்வளவு இறுகியது என்றால், பிந்தைய மாதங்களில் 300 மீட்டருக்கும் உயரமான கல்தூணாகவே அது வெளியே எழும்பி நின்றது.

அன்பானவர்களே, இதயத்தில் அடைபட்ட சினமும் அப்படித்தான். சினம் வருவதே பாவமல்ல. ஆலயத்தில் வணிகரைக் கண்டு இயேசுவும் சினந்தார். ஆனால் சினத்தைப் பொழுது சாய்ந்தபின்னும் வைத்திருக்காதீர்கள் என்கிறார் பவுலடியார் (எபேசியர் 4:26). பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணனும் தம்பியும் ஒரே கோவிலுக்குத்தான் வருகிறார்கள். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். சமாதானம் பகிரும் வேளையில் அண்ணன் கைகுவிக்கிறார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிறகு இருவரும் நற்கருணை வரிசையில் நிற்கிறார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவருக்கு (மத்தேயு 5:23-24) என்ன பதில் சொல்வோம்?

மலையால் தன் குழம்பை மாற்றிக்கொள்ள முடியாது. நமக்கோ வாக்குறுதி இருக்கிறது: கல்லான இதயத்தை அகற்றிப் புதிய இதயம் தருவதாக எசேக்கியேல் வழியாக ஆண்டவர் சொல்லியிருக்கிறார் (36:26). அந்த அருளைக் கேட்போம். பேசாமல் இருக்கும் உறவினர் வீட்டுக்கு இன்றே போங்கள். போக முடியாவிட்டால் போனில் கூப்பிடுங்கள். யார் முதலில் பேசுவது என்று பார்க்க வேண்டாம். ஆண்டவர்தாமே நம்மைத் தேடி முதலில் வந்தார். ஆமென்.