பலவீனமான வீடு எது?

திருக்குர்ஆனின் 29ஆவது அத்தியாயத்திற்கு ‘அல்அன்கபூத்’ என்று பெயர். சிலந்தி என்பது அதன் பொருள். அல்லாஹ்வை விட்டுவிட்டு மற்றவற்றைத் தமக்குப் பாதுகாவலாக எடுத்துக் கொண்டவர்களுக்கு, வீடு கட்டிக்கொண்ட ஒரு சிலந்தியை அதன் 41ஆவது வசனத்தில் அல்லாஹு தஆலா உவமையாக்குகிறான். வீடுகளிலெல்லாம் மிகப் பலவீனமானது சிலந்தியின் வீடுதான் என்ற கருத்தும் அதே வசனத்தில் வருகிறது. ஓதத் தெரிந்த எல்லோருக்கும் பழக்கமான வசனம்தான்.

ஆனால் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இப்போது இதையொட்டி ஒரு கேள்வியைக் கொண்டு வருகிறார்கள். “சிலந்தியின் நூல் உருக்கைவிட வலிமையானது என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்களே, அது எப்படிப் பலவீனமான வீடாகும்?” என்று கேட்கிறார்கள். இதைக் கேட்டதும், “குர்ஆனிலேயே சந்தேகமா?” என்று பிள்ளையை அதட்டி அனுப்பிவிடும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அதட்டலால் வாய்தான் அடைபடும், மனம் அடைபடாது. அந்த அத்தியாயத்திலேயே இரண்டு வசனங்கள் தள்ளி, இத்தகைய உவமைகளை அறிவுடையோரே விளங்கிக் கொள்வர் என்ற கருத்து வருகிறது. விளங்க முயல்பவனை விரட்டலாகாது.

முதலில் பிள்ளை சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்வோம். சிலந்தி தொங்கி இறங்குவதற்கும் வலையின் சட்டத்திற்கும் பயன்படுத்தும் நூல், நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் எடைக்கு எடை வைத்து ஒப்பிட்டால் உருக்குக் கம்பி அதற்கு நிகராவதில்லை. அதன் வயிற்றுக்குள் இருக்கும்வரை அது வெறும் திரவம். வெளியே இழுபடும்போதுதான் நூலாகத் திரள்கிறது. அதுவும் ஒரே வகை நூலன்று. வட்ட வலை பின்னும் பெண் சிலந்தியின் வயிற்றில் ஏழு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. தொங்குவதற்கு ஒன்று, ஒட்டுவதற்கு ஒன்று, இரையைச் சுற்றிக் கட்ட ஒன்று, முட்டைக்கு உறை நெய்ய ஒன்று என வேலைக்கு வேலை நூல் மாறுகிறது.

அது வலை பின்னும் விதத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தோட்டத்துச் சிலந்தி ஒரு கிளையில் நின்றுகொண்டு வயிற்றைத் தூக்கி ஓர் இழையைக் காற்றில் விடுகிறது. அந்த இழை எதிரேயுள்ள கிளையில் சென்று ஒட்டினால் இழுத்துக் கட்டி, அதன்மேல் நடந்து இன்னும் உறுதியான நூலைப் போடுகிறது. ஒட்டாவிட்டால் மீண்டும் விடுகிறது. பாலம் அமைந்ததும் நடுவிலிருந்து கீழே இறங்கி ஒரு மையத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல நாலாபுறமும் நூல்களைக் கட்டுகிறது. பிறகு மையத்திலிருந்து வெளியே ஒட்டாத நூலால் ஒரு சுருளைப் போடுகிறது. கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறோமே, அது போன்றதே இது. கடைசியில் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிப் பசையுள்ள நூலைச் சுற்றிக்கொண்டே, முன்பு கட்டிய சாரத்தை அறுத்து நீக்கிக்கொண்டே வருகிறது. 20 மீட்டருக்கும் மேற்பட்ட நூலைக் கொண்ட இவ்வேலை, பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. நெய்த வலை முழுவதையும் நிறுத்தால் ஒரு மில்லிகிராம்கூட வராது.

அதன் பிறகுதான் அது அமர்கிறது. இந்தச் சிலந்திக்குப் பார்வை மிகக் குறைவு. கால்களால் நூலைத் தொட்டுக்கொண்டு, அதிர்வைக் கொண்டே விழுந்தது ஈயா, சருகா என்று அறிகிறது.

ஜாஹிள் (ஹிஜ்ரி 255இல் வபாத்), தமீரீ (ஹிஜ்ரி 808இல் வபாத்) போன்றோர் உயிரினங்களைப் பற்றி எழுதிய அறபு நூல்களிலும் சிலந்தி வருகிறது. அதன் குஞ்சு எவரிடமும் கற்காமலே நெய்யத் தொடங்குவதை அவர்கள் வியந்திருக்கிறார்கள். பிறந்த கணத்திலேயே நெய்கிறது என்பது அவர்கள் சொன்னது. முதல் தோலை உரித்த பிறகே நெய்கிறது என்று இன்று திருத்திக் கொள்ளலாம். கற்காமல் நெய்கிறது என்பதில் மாற்றமில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். வசனம் பேசுவது ‘பைத்’ என்னும் வீட்டைப் பற்றி. ‘கைத்’ என்னும் நூலைப் பற்றியன்று. நூலின் உறுதி வேறு, வீட்டின் உறுதி வேறு. வெயிலைத் தடுக்காது, குளிரைத் தடுக்காது, மழையைத் தடுக்காது. ஆகவே அது பலவீனமான வீடு என்று முற்கால விரிவுரையாளர்கள் எழுதி வைத்தார்கள். நூலை எவரும் இழுத்து அளந்து பாராத காலத்திலேயே அவர்கள் கண் வீட்டின் பயனில்தான் இருந்தது.

இதோடு நிறுத்தினாலும் விடை போதும். ஆனால் இந்த வசனத்தைத் தனியே பிய்த்து எடுத்து ஓதுவதால் நாம் ஒன்றை இழந்துவிடுகிறோம். அதற்கு முன்னுள்ள மூன்று வசனங்களைப் பாருங்கள். ஆது கூட்டத்தார், ஸமூது கூட்டத்தார், காரூன், பிர்அவ்ன், ஹாமான் ஆகியோர் அங்கே வரிசையாக வருகிறார்கள். ஆதும் ஸமூதும் அழிந்ததற்கு அவர்களுடைய குடியிருப்புகளே சான்று என்று சொல்லப்படுகிறது. ஸமூது கூட்டத்தார் பாறையைக் குடைந்து வீடு சமைத்தவர்கள். காரூனோ தன் வீட்டோடு சேர்த்துப் பூமிக்குள் விழுங்கப்பட்டான் என்பதை இதற்கு முந்திய அத்தியாயத்தில் படிக்கிறோம். உலகம் கண்ட உறுதியான வீடுகளைச் சொல்லி முடித்த கையோடுதான் சிலந்தியின் வீடு வருகிறது! பாறையைவிட உறுதியான பொருளை எங்கே தேடுவது? அந்தப் பாறை வீட்டில் இருந்தவனைக் காக்கவில்லையே. எனவே நூல் உருக்கைவிட வலியது என்ற செய்தி இந்த உவமையைப் பொய்யாக்கவில்லை. பொருள் எவ்வளவு வலியதாயினும், காக்கும் ஆற்றல் அதற்கு இல்லையென்றால் வீடு பலவீனமானதே என்பதை இன்னும் தெளிவாக்குகிறது.

இந்தக் கேள்விக்கு நம் மேடைகளில் வேறொரு விடை சொல்லப்படுகிறது. பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடும், பிள்ளைகள் ஒன்றையொன்று தின்னும், குடும்பமே இல்லாத வீடு என்பதால் அது பலவீனமான வீடு என்பார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பிரான்சில் 1709ஆம் ஆண்டு போன் என்பவர் சிலந்தி நூலால் காலுறையும் கையுறையும் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு ரெயோமூர் என்ற அறிஞர், சிலந்திகளைச் சேர்த்து அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, எனவே பட்டுப்பூச்சியைப் போல இவற்றை வளர்க்க இயலாது என்று கண்டார். ஆனால் எல்லாச் சிலந்தியும் அப்படியல்ல. பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000த்தை எட்டிவிட்டது. ஓநாய்ச் சிலந்தி தன் குஞ்சுகளை முதுகில் சுமந்து திரிகிறது. நம் நாட்டு வறண்ட பகுதிகளில், முட்செடிகளில் நூற்றுக்கணக்கான சிலந்திகள் ஒரே கூட்டில் கூடி வாழ்ந்து, இரையைப் பகிர்ந்து, குஞ்சுகளைச் சேர்ந்து வளர்க்கும் இனம் ஒன்று உண்டு. அதைப் பார்த்த பிள்ளை நாளை திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வோம்?

வசனத்தில் சிலந்திக்குப் பெண்பால் வினை வந்திருப்பதையும் அற்புதமாகக் காட்டுகிறார்கள். வலையில் அமர்ந்திருப்பவற்றில் பெரும்பாலானவை பெண் சிலந்திகள் என்பது மெய்தான். வட்ட வலை பின்னும் இனங்களில் ஆண், பருவம் அடைந்ததும் வலையை விட்டுத் துணை தேடிக் கிளம்பிவிடுகிறது. ஆனால் ‘அன்கபூத்’ என்ற சொல்லை அறபிகள் பெரும்பாலும் பெண்பாலாகவே வழங்கினார்கள் என்பது இலக்கணம் ஓதிய எவருக்கும் தெரியும். குர்ஆன் உண்மை என்பதற்கு இப்படியெல்லாம் முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. இன்றைய ஆராய்ச்சியின்மேல் ஈமானைக் கட்டினால், நாளை ஆராய்ச்சி மாறும்போது ஈமானும் ஆடும். அதுவும் ஒரு சிலந்தி வீடுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, இந்த உவமை சிலந்தியைப் பழிக்கிறதா? இல்லை. ஏமாற்றிப் பிடித்துத் தின்னும் பிராணி, ஆகவே அது அநியாயக்காரப் பிராணி என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். ஏவலுக்கும் விலக்கலுக்கும் உட்படாத பிராணிக்கு ஏது அநியாயம்? அதன் ரிஸ்க் அவ்வழியில் வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லப்போனால், மனிதன் செய்யும் தவறைச் சிலந்தி செய்வதில்லை. தோட்டத்துச் சிலந்தி தன் வலையை நிலையான சொத்தாக வைத்துக் கொள்வதில்லை. பழுதான வலையைத் தானே தின்றுவிட்டு, பெரும்பாலும் நாள்தோறும் புதிதாய்ப் பின்னுகிறது. தின்ற நூலின் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள்ளேயே புதிய நூலாகத் திரும்பி வருவதை, கதிரியக்க அடையாளமிட்ட நூலைக் கொண்டு பீக்கால் என்ற ஆய்வாளர் 1971இல் காட்டினார். வலை போய்விட்டால் சிலந்திக்கு வாழ்வு போய்விடுவதில்லை. வலையை உண்டாக்கும் கொடை அதன் வயிற்றில் இருக்கிறது. அந்தக் கொடை அதன் சம்பாத்தியமன்று.

1973ஆம் ஆண்டு நடந்த ஒரு சோதனையையும் இங்கே சொல்லலாம். ஜூடித் மைல்ஸ் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவியின் யோசனைப்படி, அரபெல்லா, அனிதா என்று பெயரிட்ட இரு தோட்டத்துச் சிலந்திகளை ‘ஸ்கைலாப்’ விண்வெளி நிலையத்திற்குக் கொண்டு போனார்கள். எடையே உணரப்படாத அவ்விடத்தில் மேல் கீழ் என்பதே இல்லை. தன் உடலின் எடையைக் கொண்டு நூலை அளந்து பழகிய பிராணி என்ன செய்யும்? அரபெல்லாவின் முதல் முயற்சி அலங்கோலமாயிருந்தது. சில நாட்களில் ஒழுங்கான வலையைப் பின்னிவிட்டது. பாவம், இரண்டுமே உயிரோடு மிஞ்சவில்லை. தேடிப் பழகிய காற்றும் கிளையும் அங்கே இல்லை. உள்ளே வைக்கப்பட்ட வழிகாட்டல் மட்டும் கூடவே போயிருந்தது.

தவக்குல் விஷயத்திலும் ஒரு வார்த்தை. காலையில் பசியோடு பறந்து மாலையில் நிரம்பித் திரும்பும் பறவையை நபி (ஸல்) அவர்கள் உதாரணம் கூறிய ஹதீஸ் திர்மிதீயில் உண்டு. பறவையாவது பறந்து போகிறது, சிலந்தி உட்கார்ந்த இடத்திலேயே உண்கிறதே, ஆகவே உட்கார்ந்திருப்பதும் தவக்குல்தான் என்று சாதிக்கும் சோம்பேறிகள் உண்டு. அவர்கள் சிலந்தியைப் பார்க்கிறார்கள், அது உட்காருமுன் செய்த வேலையைப் பார்ப்பதில்லை. வேலையும் வேண்டும், வேலையின்மேல் சாயாதிருக்கவும் வேண்டும். வியாபாரமும் வீடும் சேமிப்பும் நமக்குக் கூடாதவையல்ல. அவை போய்விட்டால் அல்லாஹ்வே போய்விட்டதைப் போல் நாம் இடிந்து போகிறோமே, அங்கேதான் அவற்றை நாம் பாதுகாவலாக எடுத்துக்கொண்டது வெளிப்படுகிறது. ஒரு கடை நொடித்ததற்காகத் தொழுகையையே விட்டவர்கள் எந்த ஊரில் இல்லை?

ஸவ்ர் குகை வாயிலில் சிலந்தி வலை பின்னிய செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குகையைப் பற்றிப் பேசும் ‘தவ்பா’ அத்தியாய வசனத்தில் சிலந்தி கூறப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத படைகள்தாம் கூறப்படுகின்றன. ஆகவே அதை அடிப்படையாக வைத்து நாம் வாதிக்கவில்லை.

வீட்டுப் பெண்கள் கேட்கும் ஒரு சட்ட விஷயம் மீதமிருக்கிறது. ஒட்டடை இருந்தால் வறுமை வரும் என்று ஒரு பேச்சு வழக்கில் இருக்கிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆயினும் சுத்தம் மார்க்கத்தில் வலியுறுத்தப்பட்டது. ரமலானுக்கு முன் வெள்ளையடிக்கும்போது மட்டுமன்றி, மற்ற நாட்களிலும் ஒட்டடை அடிப்பது நல்லதே. சிலந்தியையும் கொன்றுதான் தீரவேண்டும் என்பதில்லை. காரணமின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றாலும் அதுபற்றி விசாரணை உண்டு என்ற கருத்தில் நஸாயீயில் ஹதீஸ் இருக்கிறது. கடித்து நஞ்சேற்றும் வகையென்றால் கொல்லலாம். மற்றதை ஒட்டடைக் கம்பிலேயே ஏந்திக் கொல்லைப்புறத்துச் செடியில் விட்டுவிடுங்கள். விடிவதற்குள் அதற்கு வேறு வலை வந்துவிடும்.